அம்மாவுக்கு எத்தனை தட்டல்?

பள்ளி விட்டு வந்த அக்கா மகள் என் கைபேசியை வாங்கி, வேலைக்குப் போயிருந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஏ, எம், எம், ஏ, ஏ. ஐந்தே தட்டல், திரையில் ‘அம்மா’ வந்துவிட்டது. “‘ம’ எங்கேம்மா இருக்கு?” என்று கேட்டேன். “இதோ இருக்கு மாமா, எம்!” என்று காட்டினாள். அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் விரலுக்குத் தெரிந்த ‘ம’வின் வீட்டு முகவரி அதுதான். பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்திக்கு ‘ம’ என்ற எழுத்து ‘எம்’ வீட்டில் குடியிருக்கிறது. அது அங்கே குடிபோன கதை மிக நீளமானது. துப்பாக்கிக் கம்பெனி ஒன்றும், தந்தி ஆட்களும், பந்தயம் கட்டிய ஒரு நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரும், மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஒரு யாழ்ப்பாணத்துக்காரரும் அந்தக் கதையில் வருகிறார்கள்.

கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். அங்கே கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் இருந்தார். அச்சுத் தொழிலும் அறிந்தவர். அவர் முதலில் செய்தது எழுதும் பொறி அல்ல, பக்கங்களுக்கு வரிசை எண் அடிக்கும் பொறி. சாமுவேல் சூலே என்பவருடன் சேர்ந்து 1866-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே பட்டறையில் இயந்திரக் கலப்பை ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்த கார்லஸ் கிளிடன் அதைப் பார்த்துவிட்டு, எண் அடிக்கிற பொறி ஏன் எழுத்து அடிக்கக் கூடாது என்று கேட்டார். கலப்பைக்காரர் போட்ட அந்தக் கேள்வியில்தான் தட்டச்சுப்பொறி முளைத்தது. மூவரும் சேர்ந்து 1868 ஜூன் 23 அன்று காப்புரிமை பெற்றார்கள். அந்தப் பொறியில் விசைகள் பியானோவில் இருப்பதுபோல் வரிசையாக நீண்டிருந்தன.

ஜேம்ஸ் டென்ஸ்மோர் என்ற முதலீட்டாளர் பொறியை நேரில் பார்ப்பதற்கு முன்பே கால் பங்கை வாங்கினார். பிறகு வந்து பார்த்து, இது இப்படியே உதவாது என்று சொல்லிவிட்டார். திருத்திய பொறி ஒவ்வொன்றும் வாஷிங்டனில் இருந்த ஜேம்ஸ் கிளெஃபேன் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரிடம் போகும். அவர் அடித்து அடித்து உடைத்து, குறைகளை எழுதி அனுப்புவார். அடுத்த பொறி அவருக்காகவே கொஞ்சம் தேறியிருக்கும். இதே கிளெஃபேன் பின்னாளில் லைனோடைப் அச்சுக்கோக்கும் இயந்திரம் பிறக்கவும் துணை நின்றார். செய்தித்தாள் உலகம் இந்தப் பொறுமையிழந்த வாடிக்கையாளருக்கு இரட்டைக் கடன் பட்டிருக்கிறது.

1873-ல் பொறி ரெமிங்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து துப்பாக்கி வியாபாரம் படுத்திருந்த நேரம். ரெமிங்டன் தையல் இயந்திரமும் செய்துகொண்டிருந்தது. அதனால் 1874-ல் கடைக்கு வந்த முதல் தட்டச்சுப்பொறி அச்சு அசலாகத் தையல் இயந்திரம்போலவே இருந்தது. கறுப்புத் தகட்டில் பூ வேலைப்பாடு, அடியில் மிதிகட்டை. ஒரு வரி முடிந்தால் காலால் மிதித்து அடுத்த வரிக்குப் போக வேண்டும். பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கும். எழுத்து தாளின் அடிப்பக்கத்தில் விழுவதால், அடித்ததை உடனே பார்க்கவும் முடியாது. 1878-ல் வந்த இரண்டாம் பொறியில்தான் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒரே விசையில் சேர்ந்தன. எழுத்தை மாற்றப் பொறியின் ஒரு பாகத்தையே தள்ளி நகர்த்தும் விசைக்கு ‘ஷிஃப்ட்’ என்று பெயர். கண்ணாடித் திரையில் நகர எதுவுமே இல்லாத இந்தக் காலத்திலும் அந்தப் பெயர் நம் கூடவே வருகிறது.

எழுத்துகள் ஏன் இப்படிக் கலைந்து கிடக்கின்றன? முதலில் அவை அகர வரிசையில்தான் இருந்தன. அதன் சுவடு இன்றும் அழியவில்லை. உங்கள் விசைப்பலகையின் நடு வரிசையைப் பாருங்கள்: டி, எஃப், ஜி, ஹெச், ஜே, கே, எல். இடையிலிருந்து ஈ-யும் ஐ-யும் மேல் வரிசைக்கு ஏறியதைத் தவிர, பள்ளிக்கூடத்தில் படித்த அதே வரிசை. வேகமாக அடிப்பவர்களைத் தடுத்து மெதுவாக்கவே எழுத்துகளைக் குழப்பி வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொய்ச்சி யாசுவோகா, மொட்டோகோ யாசுவோகா இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் வேறு திசையைக் காட்டினார்கள். மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டுக்கொண்டே எழுத்தாக அடித்த தந்தி ஆட்களின் வசதிக்காக எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே வந்தன என்பது அவர்கள் வாதம். எப்படிப் பார்த்தாலும், யாரும் உட்கார்ந்து ஒரே நாளில் வகுத்த வரிசை அல்ல இது. பலருடைய முணுமுணுப்புக்குச் செவிசாய்த்துச் செவிசாய்த்து ஒரு கட்டத்தில் உறைந்துபோன வரிசை.

உறைய வைத்தது ஒரு பந்தயம். 1888 ஜூலை 25, சின்சினாட்டி நகரம். ஒரு பக்கம் லூயி டிராப். அவருடைய ‘காலிகிராஃப்’ பொறியில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் தனித்தனி விசை. மறுபக்கம் ஃபிராங்க் மெகரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். ரெமிங்டன் பொறி, ‘கியூவெர்ட்டி’ என்று பெயர்பெற்ற இதே வரிசை. மெகரின் விசைகளைப் பார்க்கவே இல்லை. பத்து விரலும் பழகி, கண் தாளிலேயே இருந்தது. சுலபமாக வென்றார். வென்றது மனிதனின் பயிற்சி. பெயர் போனதோ பலகைக்கு. 1893-ல் அமெரிக்காவின் பெரிய தட்டச்சு நிறுவனங்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன, இந்த வரிசை அவற்றின் பொதுச் சொத்தாயிற்று. பிரான்சில் ஏ-யையும் கியூ-வையும் இடம் மாற்றினார்கள், ஜெர்மனியில் ஒய்-யையும் இசட்-டையும் மாற்றினார்கள். மற்றபடி பலகையைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

1936-ல் சியாட்டிலில் பேராசிரியராக இருந்த ஆகஸ்ட் டிவோராக் புதிய வரிசை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நடு வரிசையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைக்கு, அதிகம் புழங்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. இரு கையும் மாறி மாறி நடக்கும், களைப்பு குறையும் என்றார். உலகம் அசையவில்லை. அதற்குள் பழைய வரிசையைப் படித்த விரல்கள் எண்ணிலடங்காமல் பெருகியிருந்தன. டிவோராக்கின் யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 63 ஆண்டு கழித்து அது சென்னையில் வேறு உருவத்தில் வரப்போகிறது.

அமெரிக்காவில் இந்தப் பொறி வழியாகத்தான் பெண்கள் கூட்டம் கூட்டமாக அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். நம் ஊரிலும் அது வேலையின் வாசலாயிற்று. நீதிமன்ற வளாகத்து மரத்தடியில் மனு அடித்துக் கொடுப்பவர், பத்தாம் வகுப்பு முடிந்ததும் “சும்மா இருக்காதே, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போ” என்று விரட்டப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் மில்வாக்கிப் பட்டறையின் தூரத்து உறவினர்கள்தான். 1955-ல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே பொறியைச் செய்யத் தொடங்கியபோது அது நாட்டுக்கே பெருமையாகப் பேசப்பட்டது.

ஆனால் 26 எழுத்துக்காகப் பிறந்த பொறிக்குள் மற்ற மொழிகள் எப்படி நுழையும்? சீன எழுத்தாளர் லின் யூடாங் கையிலிருந்த பணத்தையெல்லாம் கரைத்து 1947-ல் ‘மிங்குவாய்’ என்ற சீனத் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். ரெமிங்டன் அதிகாரிகள் முன்னால் அவர் மகள் விசையைத் தட்டினார். அந்த நேரம் பார்த்துப் பொறி வேலை செய்யவில்லை. மொழிக்காகப் பொறியை வளைக்கப் போனவர் கடனாளியாக நின்றார். இன்று சீனர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டி, திரை காட்டும் எழுத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்பது அங்கே அன்றாடப் புலம்பல்; அதற்கென்று ஒரு சொற்றொடரே அவர்களிடம் உண்டு.

தமிழுக்கு வாய்த்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர். பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றில் வேலை. அவர் வடிவமைத்த தமிழ் விசைப்பலகை ஜெர்மனியின் சைடல்-நவ்மன் நிறுவனத்தில் ‘பிஜோ’ என்ற சிறிய பொறியாக உருவாகிக் கப்பலேறி வந்தது. தமிழின் 247 எழுத்தையும் ஒரு கைப்பெட்டிக்குள் அடைப்பது எப்படி? எழுத்தைப் பிரித்து, துணைக்கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி என்று வைக்க வேண்டும். ஆனால் புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் அல்லவா உட்கார வேண்டும்? முத்தையா கண்ட வழி ‘நகரா விசை’. மற்ற விசையைத் தட்டினால் தாள் ஓரெழுத்து நகரும். இதைத் தட்டினால் நகராது. அடுத்து அடிக்கிற எழுத்து அதே இடத்தில் வந்து விழும்.

அந்த விசையை எனக்கு நேராகவே தெரியும். எங்கள் ஊர் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணி வகுப்பு. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுவதுபோல் இருபது பொறிகளின் சத்தம். முதல் பாடம் ‘யளனகபக’. இடக்கைச் சுண்டுவிரலில் ‘ய’, மோதிர விரலில் ‘ள’, நடுவிரலில் ‘ன’, ஆள்காட்டி விரலில் ‘க’, ஒரு எட்டு வைத்து ‘ப’, திரும்பி வந்து ‘க’. ஒரு வாரம் இதே ஆறெழுத்து. பிறகு ‘அம்மா’ வந்தது. முதலில் ‘அ’. அடுத்து ‘ம்’ அடிக்க வேண்டும். ஆனால் விரல் தேட வேண்டியது புள்ளியை. வெற்றுத் தாளில், கீழே எழுத்தே இல்லாத இடத்தில், புள்ளி முதலில் போய் உட்காரும். பிறகுதான் ‘ம’ வந்து அதற்குக் கீழே நிற்கும். அப்புறம் இன்னொரு ‘ம’, ஒரு துணைக்கால். மொத்தம் ஐந்து தட்டல். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் வரும் புள்ளி, இங்கே எழுத்துக்கு முன் வரும். இரும்பு கேட்டுக்கொண்ட ஒரு சலுகை அது; தமிழ் கொடுத்தது.

தமிழ் இப்படி விட்டுக்கொடுத்தது முதல்முறை அல்ல. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்லியிருந்தும், ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி முனை ஓலையில் ஓட்டை போட்டுவிடும். அச்சு வந்த பிறகுதான் புள்ளி துணிந்து நின்றது. 1935-லிருந்து பெரியார் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் அச்சுக்கோப்பும் தட்டச்சும் எளிதாக வேண்டும் என்பது முக்கியமான காரணம். 1978-ல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’ உள்ளிட்ட 13 எழுத்துகள் இன்றைய வடிவுக்கு வந்தன. நாம் எழுதும் கருவி நம் எழுத்தின் முகத்தையே மாற்ற வல்லது. நம் கண் முன்னே மாற்றியும் இருக்கிறது.

அதற்குள் மேற்கே தட்டச்சுப்பலகை தந்திக் கம்பியில் ஏறி டெலிபிரிண்டராகி, அங்கிருந்து கணினிக்குள் போய்விட்டது. 1985 இந்தக் கதையில் விசித்திரமான ஆண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் பால் டேவிட், தற்செயலாக முந்திக்கொண்ட ஒன்று எப்படி அசைக்க முடியாததாகிறது என்பதற்குக் கியூவெர்ட்டியையே சான்றாக வைத்துப் புகழ்பெற்ற கட்டுரை எழுதியது அந்த ஆண்டு. ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற பொறியாளர் தன் வீட்டுத் தட்டச்சுப்பொறியில் மனம்போன வாக்கியங்களை அடித்து, எழுத்துகளை எண்ணி, ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து போதும் என்று முடிவுக்கு வந்ததும் அந்த ஆண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியதும் அதே 1985-ல்தான்.

கணினித் தமிழை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் புலம்பெயர்ந்தவர்கள். கனடாவில், சுவிட்சர்லாந்தில், சிங்கப்பூரில், மலேசியாவில் வேலை முடிந்து வந்த இரவுகளில் எழுத்துரு செய்தார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்தார், ஆளுக்கொரு குறியேற்றம். ஒரு எழுத்துருவில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் பூச்சி பறந்த மாதிரித் தெரியும். விசைப்பலகையிலும் இரண்டு பாதைகள். இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்குப் பழைய தட்டச்சு முறை. ஆங்கிலப் பலகையில் மட்டும் பழகியவர்களுக்கு, ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் ‘அஞ்சல்’ போன்ற முறைகள். இந்த இரண்டாம் வழி செய்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். தமிழ் தட்டச்சை எங்கும் படிக்க வாய்ப்பில்லாத ஆயிரமாயிரம் பேர் அதனால்தான் மறுபடி தமிழில் எழுதினார்கள்.

1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று ஒரு தமிழ் இணைய மாநாடு கூட்டினார். அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில். அங்கே பேசி முடிவான விசைப்பலகையை அதே ஆண்டு தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. பெயர் ‘தமிழ்99’. டிவோராக்கை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம். அடிக்கடி வரும் மெய்கள் வலக்கைப் பக்கம். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம்: தமிழுக்கு 31 விசை போதும். குறிலும் நெடிலும் அருகருகே நிற்கின்றன. இலக்கணம் படித்த ஒருவர் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். தமிழில் ஒரே மெய் இரண்டு சேர்ந்தால் முன்னது புள்ளி பெறும், மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே என்பது அந்தப் பலகைக்குத் தெரியும். ‘ப, ந, த, உ’ என்று நான்கு தட்டல், ‘பந்து’ கிடைத்துவிடும். ரோமன் வழியில் அதே சொல்லுக்கு ஆறு.

இவ்வளவு நல்ல பலகை ஏன் பரவவில்லை? சின்சினாட்டியில் நடந்ததுதான் இங்கும் நடந்தது. விரல்கள் முன்பே வேறிடத்தில் குடியேறிவிட்டன. தரம் அறிவித்த பிறகும் அரசுத் தட்டச்சுத் தேர்வுகள் பல ஆண்டுகள் பழைய பொறியிலேயே நடந்தன. வேலைக்காகப் படிக்கிற பிள்ளை தேர்வுக்கு உள்ளதைத்தானே படிக்கும்? அதோடு கைபேசி வந்தது. ஹில்லெபிராண்டின் 160 எழுத்து ரோமனுக்கு மட்டும்தான். யூனிகோடுத் தமிழில் அனுப்பினால் அதே செய்தியில் 70 எழுத்துக்குத்தான் இடம். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். தமிழில் எழுதினால் காசு கூட. கல்லூரி விடுதிகளில் ஒரு தலைமுறையே ரோமன் எழுத்தில் தமிழ் பேசப் பழகியது இப்படித்தான். தாய்மொழிப் பற்று குறைந்துபோனதால் வந்த பழக்கம் அல்ல அது. பானில் ஒருவர் தம் தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்து போட்ட கணக்கு, நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் வந்து விழுந்தது.

அந்தக் காசுக் கணக்கு இப்போது செத்துவிட்டது. வாட்ஸப் எழுத்தெண்ணிக் காசு கேட்பதில்லை. ஐபோனில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ‘செல்லினம்’ போன்ற செயலிகள் தருகின்றன. காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் நிற்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை தட்டல் கணக்கில் மட்டும் இல்லை. ல, ள, ழ மூன்றும் தனித்தனி ஒலி. ரோமன் எழுத்தில் முதல் இரண்டும் ‘எல்’ வீட்டில் ஒண்டிக்கொள்கின்றன, மூன்றாவதற்கு இசட்டும் ஹெச்சும் சேர்ந்து ஒரு பந்தல் போட வேண்டியிருக்கிறது. ந, ன, ண படும் பாடும் இதேதான். எந்த எழுத்து வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்வதில்லை. திரை ஊகிக்கிறது, பிள்ளை ஒப்புக்கொள்கிறது. ‘பள்ளி’யா ‘பல்லி’யா என்பதைக்கூடப் பொறி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால், எழுத்தறிவு என்று நாம் எதைச் சொல்லப்போகிறோம்?

கியூவெர்ட்டியின் கதை முழுக்கக் கற்றுத்தருவது ஒன்றுதான்: எது சிறந்தது என்று உலகம் காத்திருந்து பார்ப்பதில்லை, விரல் முதலில் எதைப் படிக்கிறதோ அதுவே ஆளும். வளர்ந்தவர்கள் மாறுவது கடினம். எனக்கே ‘யளனகபக’ இன்னும் கையை விட்டுப் போகவில்லை. தமிழ்99-க்கு மாறியபோது இரண்டு வாரம் தடுமாறினேன். ஆனால் குழந்தைகளின் விரல் இன்னும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்காத நிலம். தமிழ் எழுத்து படிக்கும் அதே வயதில், அந்த எழுத்துகள் தத்தம் இடத்தில் நிற்கும் பலகையும் பள்ளிக்கூடத்தில் அவர்கள் கைக்கு வர வேண்டும். ஒரு பாடவேளை, ஒரு பருவம் போதும்.

அன்று மாலை அக்கா மகளின் கையில் கைபேசியைத் தமிழ்99-க்கு மாற்றிக் கொடுத்தேன். “உனக்குத் தெரிஞ்ச எழுத்துதான், தேடிப் பாரு” என்றேன். இடப்பக்கம் ‘அ’ கிடைத்தது. வலப்பக்கம் ‘ம’. இன்னொரு ‘ம’. முதல் ‘ம’வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. “நான் புள்ளியே வைக்கலையே மாமா!” என்றாள். கடைசியாக ‘ஆ’. நான்கே தட்டல். பிறகு பலகையை மேலும் கீழும் பார்த்தாள். தன் பெயரில் உள்ள எழுத்தைத் தேடுகிறாள் என்று புரிந்தது. அவள் பெயர் முடிவது ‘ழி’யில். கீழ்வரிசையின் வலக்கோடியில் அது தனியாக நின்றுகொண்டிருந்தது.

“‘ழ’வுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கு!” என்று அம்மாவுக்குச் சொல்ல, அடுத்த செய்தியை அடிக்கத் தொடங்கினாள்.